இருபது பேர், மூன்று மணி நேரம்: ஆபீஸ் டீமுக்கு மனோதர்ம விளையாட்டு நடத்துவது எப்படி

"ஜாலியா ஏதாவது பண்ணுங்க, டீமுக்குள்ள ஒரு ஒட்டுதல் வரணும்." எச்ஆரிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உடனே சரி என்று சொல்லி, கையில் இருக்கும் பத்து விளையாட்டுகளையும் அவிழ்த்துவிட்டால் மூன்று மணி நேரமும் சிரிப்பாகப் போகும். திங்கட்கிழமை காலையில் ஒன்றுமே மாறியிருக்காது.

அதனால் முதல் வேலை ஒரு கேள்வி: "போன மூணு மாசத்துல இந்த டீம்ல எது சொதப்புச்சு?" எச்ஆரிடம் மட்டும் கேட்டால் போதாது. டீமில் இருக்கும் இரண்டு பேரிடமாவது தனித்தனியாகப் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். திரும்பத் திரும்ப வரும் பதில்கள் மூன்றுதான். "புதுசா யார் என்ன சொன்னாலும் முதல் நிமிஷத்துலயே வெட்டிடறாங்க." "ஷிப்ட் மாறும்போது சொன்னது ஒண்ணு, புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு." "மீட்டிங்ல மேனேஜரைத் தவிர யாரும் வாய் திறக்கறதில்ல." இவை மூன்றுக்கும் விளையாட்டு உண்டு, கீழே வருகிறது. சம்பளம் போதவில்லை, அப்ரைசலில் அநியாயம், ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம் என்று பதில் வந்தால் அதற்கு விளையாட்டு மருந்தல்ல. அந்த நேரத்தில் போய்க் கைதட்டச் சொன்னால் கோபம்தான் கூடும். அதை எச்ஆரிடம் வெளிப்படையாகச் சொல்லி, வேலையை ஏற்காமல் இருப்பதே மேல்.

இம்ப்ரோவ் (எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியில் தோன்றுவதை வைத்து ஆடும் நாடக விளையாட்டு) என்றதும் நடிக்கத் தெரிய வேண்டுமோ என்று பலர் பயப்படுவார்கள். இந்த விளையாட்டுகளின் தொடக்கமே நடிகர்களுக்காக அல்ல. வயோலா ஸ்போலின் என்ற நாடகப் பயிற்சியாளர் 1930களின் பிற்பகுதியில் சிகாகோவில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மொழியும் பழக்கமும் தாண்டிச் சேர்ந்து நடிக்க வேண்டும் என்பதற்காக உருவாக்கியவை இவை. 1959இல் அவர் மகன் பால் சில்ஸ் கூட்டாகத் தொடங்கிய செகண்ட் சிட்டி நாடகக் குழு வழியாகத்தான் இவை மேடைக்குப் பெரிய அளவில் போயின. அங்கிருந்து பிறகு கம்பெனிகளுக்கு. டீமிடம் விளக்கும்போது இதைவிடச் சுலபமான வழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. கச்சேரியில் பாடகர் கல்பனாஸ்வரம் போட்டதும் வயலின்காரர் அதைக் காதில் வாங்கி, அதே போக்கில் பதில் ஸ்வரம் போடுகிறார். முன்கூட்டி எழுதி வைத்த பதில் அல்ல, ஆனால் ராகமும் தாளமும் தவறாது. அந்த மனோதர்மம்தான் இதுவும். விதி உண்டு, வசனம் கிடையாது, எதிராளி கொடுத்ததை வைத்துத்தான் அடுத்த அடி.

அறையும் சாமானும்

இருபது பேருக்கு மேசை இல்லாத 600 சதுர அடி இடம் வேண்டும். போர்டு ரூம் வேண்டாம். நடுவில் நகர்த்த முடியாத மேசை இருந்தால் பாதி விளையாட்டு நடக்காது. கேன்டீன், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்ணாடிச் சுவர் உள்ள அறை என்றால் சார்ட் பேப்பர் ஒட்டி மறையுங்கள்.

சாமான்: கைப்பிடி இல்லாத நாற்காலி 22, ஏ4 தாள் 60, கெட்டியான அட்டை (போஸ்ட் கார்டு அளவு) 30, ஒரே நிறப் பேனா 25, சீட்டுக்கட்டு ஒன்று, ஒரு விசில் அல்லது சின்ன மணி, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு டைமர். பேனா ஒரே நிறத்தில் இருக்க வேண்டிய காரணம் கடைசி விளையாட்டில் தெரியும்.

நேரக் கணக்கு: ஆரம்பப் பேச்சு 10 நிமிடம், உடம்பையும் வாயையும் அசைக்க 25, 'ஆமா, அதோட' 40, டீ 15, முதுகோடு முதுகு அல்லது சீட்டு விளையாட்டு 50, கடைசி அட்டை விளையாட்டு 30, முடிவு 10. மொத்தம் 180. இதில் எட்டு விளையாட்டு இல்லை என்று யாராவது குறைப்பட்டால் கண்டுகொள்ளாதீர்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆடுகிற நேரம் எவ்வளவோ, அதைப் பற்றிப் பேசுகிற நேரமும் அவ்வளவு வேண்டும். நேரம் போதாவிட்டால் ஒரு விளையாட்டையே தூக்கிவிடலாம். பேச்சைத் தூக்கக் கூடாது.

காலையில் நடத்துங்கள். சாப்பிட்ட பிறகு இரண்டு மணிக்கு மனோதர்மம் வராது, கொட்டாவிதான் வரும்.

மேனேஜரை என்ன செய்வது

அவர் ஆடவும் வேண்டும், ஆட்டத்தைக் கெடுக்கவும் கூடாது. மூலையில் உட்கார்ந்து "நீங்க பண்ணுங்க, நான் பார்க்கறேன்" என்று சொல்ல விடாதீர்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் ஒன்றே போதும், அறை உறைந்துவிடும். முதல் நாளே அவரிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எல்லா விளையாட்டிலும் அவரும் உண்டு, எதிலும் முதலில் பேசுவது அவர் அல்ல, இங்கே நடந்தது அப்ரைசல் வரைக்கும் போகாது. மூன்றாவதை அவரே தன் வாயால் டீமிடம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் இல்லாமல் நடத்துங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்தால் போதும்.

ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சொல்ல வேண்டியது: "எந்த விளையாட்டுலயும் வேண்டாம்னு தோணினா ஒதுங்கிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம், டைமர் பார்த்துக்கோங்க." முழங்கால் வலி, கர்ப்பம், நோன்பு, வெறுமனே கூச்சம், எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் மேல் ஒருவர் கைபோடுவது, கைகளைப் பின்னிக்கொண்டு முடிச்சவிழ்ப்பது, பின்னால் சாய்ந்து மற்றவர் பிடிப்பது ஆகியவற்றைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். முதலிரண்டும் கூச்சத்தில் முடியும், மூன்றாவது சில சமயம் எலும்பு முறிவில். தரையில் உட்கார வைக்கும் 'கொல கொலயா முந்திரிக்கா'வும் கேட்க இனிமைதான். புடவையில் இருப்பவர்களையும் ஐம்பது வயதுக்காரர்களையும் நினைத்துப் பாருங்கள்.

சூடேற்ற: ஒன்று இரண்டு மூன்று

இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி மூன்று வரை எண்ண வேண்டும். நான் ஒன்று, நீ இரண்டு, நான் மூன்று, நீ ஒன்று. ஆள் இரண்டு, எண் மூன்று என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் என் எண் மாறிக்கொண்டே இருக்கும், சிக்கல் அதில்தான். ஒரு நிமிடம் கழித்து 'ஒன்று'க்குப் பதில் கைதட்டு. அடுத்த நிமிடம் 'இரண்டு'க்குப் பதில் சொடக்கு. அதற்கடுத்து 'மூன்று'க்குப் பதில் காலால் ஒரு தட்டு. தப்பு வந்ததும் இருவரும் இரண்டு கையையும் தூக்கி "ஆஹா!" என்று கத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த 'ஆஹா'தான் விளையாட்டே. சுற்றி நடந்து கவனியுங்கள்: யார் 'ஆஹா' சொல்லாமல் "சாரி சாரி" என்கிறார்கள், யார் எதிராளியை முறைக்கிறார்கள் என்று. பேசும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வேலையில தப்பு நடந்தா நம்ம முகம் எந்த மாதிரி போகுது?" குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கொடுத்த விளக்கம். இதை ஆட்டத்துக்குப் பிறகு சொன்னால் காதில் ஏறும். முன்னால் சொன்னால் வகுப்பாகிவிடும்.

மீதி நேரத்தில் வட்டமாக நின்று, தலை குனிந்து, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் மறுபடி ஒன்று. சைகை கூடாது, வரிசையாகப் போவதும் கூடாது. எட்டாவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். பேச்சு தேவையில்லை.

'ஆமா, அதோட…'

ஜோடியாக நின்று டீம் டிரிப் ஒன்றைத் திட்டமிட வேண்டும். நான்கு சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதல் சுற்றில் எதிராளி சொன்னதற்கெல்லாம் பதில் "வேண்டாம், ஏன்னா…" என்று தொடங்க வேண்டும். இரண்டாவதில் "ஆமா, ஆனா…". மூன்றாவதில் "ஆமா, அதோட…".

முதல் சுற்று முப்பது வினாடியில் செத்துவிடும். இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் ஆபீஸில் தினமும் நடப்பது அதுதான். மரியாதையாக 'ஆமா' போட்டுவிட்டு 'ஆனா'வில் கழுத்தை அறுப்பது. மூன்றாவதில் சத்தம் ஏறும். இங்கேதான் நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்று தலைகாட்டும். 'ஆமா சார்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கேட்காமலேயே ஆமா போடும்:

"ஏலகிரி போலாம்."
"ஆமா, அதோட கேரம் போர்டு எடுத்துக்கலாம்."
"ஆமா, அதோட பாட்டுப் போட்டி வைக்கலாம்."

இது பட்டியல். யாரும் யாரையும் கேட்கவில்லை. சுற்றை நிறுத்தி, ஒரு விதி சேருங்கள்: எதிராளி சொன்னதில் ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லித்தான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

"ஏலகிரி போலாம்."
"ஏலகிரிதான், அதோட மலை மேலயே நாமளே சமைப்போம்."
"நாமளே சமைச்சா பிரியாணிப் பொறுப்பு அக்கவுண்ட்ஸுக்கு."
"அக்கவுண்ட்ஸ் சமைச்சா ஜிஎஸ்டி பில்லோடதான் பரிமாறுவாங்க."

கவனியுங்கள், 'ஆமா' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது, கேட்பது வந்துவிட்டது. நான்காவது சுற்றை இந்த விதியோடு, போனில் பேசும்போது கிடைத்த உண்மையான வேலைப் பிரச்சினை ஒன்றை வைத்து நடத்துங்கள்.

பிறகு பேசும்போது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்ப எல்லாத்துக்கும் ஆமா சொல்லணுமா?" வேண்டாம். யோசனை பிறக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும்தான் இந்த விதி. முடிவெடுக்கும்போது 'ஆனா' வேண்டும். ஆடிட்டிலும் பாதுகாப்புச் சோதனையிலும் 'வேண்டாம், ஏன்னா' என்பதுதான் சரியான பதில். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால், அடுத்த வாரம் மேனேஜர் "இம்ப்ரோவ்ல சொன்னாங்கல்ல, ஆமா சொல்லு" என்று கூடுதல் வேலையைத் தலையில் கட்டுவார்.

சொன்னதும் புரிந்ததும்: முதுகோடு முதுகு

ஜோடியாக முதுகைத் திருப்பி உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஒரு படம்: ஆறு செவ்வகங்கள், ஒன்றின் மூலை இன்னொன்றின் பக்கத்தைத் தொடுகிற மாதிரி, சில சாய்வாக. வீடு, மரம் போன்ற படம் கொடுக்காதீர்கள். "வீடு வரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். முதல் சுற்றில் பார்ப்பவர் சொல்ல, மற்றவர் வாய் திறக்காமல் வரைய வேண்டும். நான்கு நிமிடம். அடுத்த சுற்றில் வேறு படம். வரைபவர் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். எட்டு நிமிடம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒப்பிடுவதற்கு முன்பே இருவரும் தனித்தனியாக ஒரு எண் எழுத வேண்டும்: ஆறில் எத்தனை சரியாக வந்திருக்கும்?

இது 1951இல் லெவிட், மியூலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையின் வழிவந்தது. ஒருவழிப் பேச்சு சீக்கிரம் முடிகிறது, தப்பு அதிகம். இருவழிப் பேச்சுக்கு நேரம் பிடிக்கிறது, சரியாக வருகிறது, வரைபவருக்கும் நம்பிக்கை பிறக்கிறது. நீங்கள் எழுதச் சொன்ன எண்கள்தான் டீமுக்குச் சூடு வைக்கும். சொல்பவர் 'ஐந்து' என்று எழுதியிருப்பார், தாளில் இரண்டு இருக்கும்.

பேச்சை நடத்துவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் புளூமிங்டனில் இருந்துகொண்டு பயிற்சி விளையாட்டுகளை வடிவமைத்த சிவசைலம் தியாகராஜன், இத்துறையில் எல்லோருக்கும் 'தியாகி', ஆறு கேள்விகளாக அதை வகுத்தார். எப்படி இருந்தது? என்ன நடந்தது? என்ன கற்றீர்கள்? இது வேலையோடு எங்கே பொருந்துகிறது? நிலைமை வேறாக இருந்தால்? அடுத்து என்ன? வரிசையை மாற்றாதீர்கள். மனதில் இருக்கும் எரிச்சல் முதலில் வெளியே வராமல் "என்ன கற்றீர்கள்" என்று போனால் பாடப்புத்தகப் பதில்தான் வரும்.

முதல் கேள்வியை அப்படியே கேட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்று முடிந்துவிடும். "எந்த நிமிஷத்துல எரிச்சல் வந்துச்சு?" என்று கேளுங்கள். யாரோ ஒருவர் "நான் சொல்லிட்டே இருக்கேன், அவரு 'ம்'னு கூடச் சொல்லல" என்பார். உடனே விளக்கப் போகாதீர்கள். மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அடுத்த ஆள் "எனக்குப் புரியலைன்னு சொல்லத்தான் வாயே இல்லையே" என்பார். அந்த இரண்டு வாக்கியங்களை அப்படியே பலகையில் எழுதி, நான்காவது கேள்விக்குத் தாவாமல் நடந்து வாருங்கள்: "இந்த ரெண்டு வரியும் நம்ம ஷிப்ட் மாத்தற நேரத்துல எங்க கேட்குது?"

பேசாத டீமுக்கு: நெற்றிச் சீட்டு

கீத் ஜான்ஸ்டன் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேல்நிலை, கீழ்நிலைப் பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது இது. ஏஸை எடுத்துவிடுங்கள், பெரியதா சிறியதா என்று குழப்பும். ஆளுக்கொரு சீட்டு, தான் பார்க்காமல் நெற்றியில் பிடித்துக்கொள்ள வேண்டும். இடம்: ஒரு கல்யாண வரவேற்பு. எதிரே வருபவரை அவர் சீட்டின் மதிப்புக்குத் தக்கபடி நடத்த வேண்டும், எண்ணைச் சொல்லாமல். ராஜாவுக்கு "வாங்க வாங்க, முன்னாடி உட்காருங்க" என்று நாற்காலி வரும். மூன்றைக் கண்டால் பேச்சு நின்று பார்வை அவர் தோளுக்கு மேல் போகும். நான்கு நிமிடத்தில் விசில். எல்லோரும் தங்கள் மதிப்பை ஊகித்து வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு முனைகளும் பெரும்பாலும் சரியாகவே நிற்கும், நடுவில் இருப்பவர்கள்தான் குழம்புவார்கள்.

வலுவான விளையாட்டு, அதே அளவு ஆபத்தானதும்கூட. நம் ஊரில் மேல் கீழ் என்பது வெறும் பதவி விஷயம் அல்ல. இதே நடத்தையை வெளியே உண்மையாகவே வாங்கியவர்கள் அறையில் இருக்கலாம். அதனால் சீட்டைக் கலைத்துக் கொடுப்பதாகக் காட்டுங்கள், ஆனால் அடுக்கிவைத்துக் கொடுங்கள்: சிறிய சீட்டுகள் மேனேஜருக்கும் சீனியர்களுக்கும், பெரியவை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும். வசவு கிடையாது, வேலை ஏவுவது கிடையாது. கவனிப்பதும் கவனிக்காமல் விடுவதும் மட்டும்தான் ஆயுதம். முடிந்ததும் சீட்டைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத்தான் பேச்சு. கேள்வியும் "கீழ இருந்தது எப்படி இருந்துச்சு?" என்று இருக்கக் கூடாது, "எதை வைத்துக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். கண், உடம்பு திரும்பிய பக்கம், பாதியில் வெட்டிய வாக்கியம் என்று பட்டியல் நீளும். அதிலிருந்து "நம்ம திங்கட்கிழமை மீட்டிங்ல இதுல எது இருக்கு?" என்பது ஒரே அடி. டீமைச் சந்திப்பது இதுதான் முதல் தடவை என்றால் இதைத் தவிர்த்துவிட்டு முதுகோடு முதுகையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பகெட்டியில் கோபுரம் கட்டி மார்ஷ்மெல்லோ வைக்கும் விளையாட்டைப் பலர் கேட்பார்கள். இருபது குச்சி, பதினெட்டு நிமிடம், நல்ல விளையாட்டுதான். ஆனால் அதன் வீடியோவைப் பார்க்காதவர்கள் அரிதாகிவிட்டார்கள், விடை தெரிந்த புதிர் மாதிரி. சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் வேறு இருக்கும். சைவக்காரர் யாராவது அதை வாயில் போட்ட பிறகு தெரிந்தால் அன்றைய நாள் போச்சு.

முடிவுக்கு: முப்பத்தைந்து

இதுவும் தியாகி வடிவமைத்ததுதான். கேள்வி ஒன்று: "அடுத்த ரெண்டு வாரத்துல, யார் அனுமதியும் இல்லாம, நம்ம டீம் மாத்திக்கக்கூடிய ஒரு பழக்கம் என்ன?" எல்லோரும் அட்டையின் முன்பக்கம் ஒரே வாக்கியம் எழுத வேண்டும், பெயர் இல்லாமல். பேனா நிறம் ஒன்றாக இருந்தால்தான் யாருடையது என்று தெரியாது. எழுத்துப் பக்கம் கீழே இருக்க, நடந்துகொண்டே அட்டைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். விசில் அடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி. இரண்டு அட்டையையும் படித்து, 7 புள்ளியை அவற்றுக்குப் பிரிக்க வேண்டும்: 4-3, 5-2, 7-0, எப்படியும், பின்னம் கூடாது. புள்ளியைப் பின்பக்கம் எழுதி, மறுபடி நடை. ஐந்து சுற்று. ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்து எண் சேரும், உச்சம் 35. பிறகு 35இலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்து, முதலில் வரும் மூன்று அட்டைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கெடுவது எங்கே: பின்பக்க எண்ணை முன்பே பார்த்துவிட்டு அதன் வழியே போவார்கள், எனவே படித்துப் பிரித்த பிறகே திருப்ப வேண்டும். தன் அட்டையே தன் கைக்கு வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் ஆட வேண்டும். ஆள் ஒற்றைப்படை என்றால் நீங்களும் ஒரு அட்டையோடு சேர்ந்துகொள்ளுங்கள். யாருடைய கூட்டலாவது 35ஐத் தாண்டினால் எங்கோ ஒரு சுற்று கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

ஆன்லைன் என்றால் 12 பேர், 90 நிமிடம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். முதுகோடு முதுகு கேமராவை அணைத்து ஆடினால் நேரில் ஆடுவதைவிடவும் நன்றாக வரும். 'ஒன்று இரண்டு மூன்று' நெட் தாமதத்தில் கெட்டுவிடும்.

முதல் மூன்று அட்டைகளையும் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தேதியும் எழுதி அன்றே குரூப்பில் போடச் சொல்லுங்கள். பொறுப்பாளராக மேனேஜர் வேண்டாம். பதினான்காம் நாள் பதினைந்து நிமிட அழைப்பு ஒன்றை, அறையை விட்டுக் கிளம்புமுன்பே எல்லோர் காலண்டரிலும் ஏற்றிவிடுங்கள். அதில் கேட்க வேண்டியவை இரண்டு: "எத்தனை தடவை செஞ்சீங்க?", "எந்த இடத்துல விட்டுப்போச்சு?"